மருத்துவர் உதவியுடன் இறப்பதைச் சட்டம் அனுமதிக்கலாமா? அப்பச்சி கேட்ட கேள்வி

கோட்டையூர்க்காரன் எழுதியது:

வணக்கம். காரைக்குடிப் பக்கத்து ஊர்களில் இருப்பவர்களும், இங்கிருந்து பிழைக்கப் போய் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டவர்களும் சேர்ந்து பேசும் இடம் என்பதால், வீட்டுக்குள் பேச முடியாத ஒன்றை இங்கே கேட்கிறேன். என் அப்பச்சிக்கு, அதாவது தந்தைக்கு, வயது 76. இடக்கை விரல்கள் பிடிமானம் இழந்ததில் தொடங்கி, தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் மோட்டார் நியூரான் நோய் என்று மதுரையில் உறுதியாகி, இப்போது நாக்கும் தொண்டையும் தளர்ந்து பேச்சு குழறுகிறது. தண்ணீர் புரையேறுகிறது என்பதால் அதைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுக்கிறோம். அறிவுக்கு எந்தக் குறையும் இல்லை. வைப்புத்தொகைக்கு வங்கியில் வட்டி குறைத்துப் போட்டிருந்ததைப் போன மாதம் அவர்தான் கண்டுபிடித்தார்.

சில நாள்களுக்கு முன் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "ஐந்தொகை எடுத்தாகிவிட்டது. இனிக் கடையைத் திறந்து வைத்திருப்பது வீண் செலவு. சுவிட்சர்லாந்தில் டாக்டரே உதவுகிறாராமே, இங்கே ஏன் கூடாது?" வாழ்நாளெல்லாம் கணக்கு எழுதியவர் என்பதால் அப்படித்தான் கேட்பார்.

நான் வழி கேட்டு எழுதவில்லை, அவரும் அவசரப்படவில்லை. கேள்வியின் நியாயத்தைத்தான் கேட்கிறேன். தன் சொத்தை, தன் தொழிலை, தன் பிள்ளையின் திருமணத்தைத் தானே முடிவு செய்தவர், தன் முடிவை மட்டும் நோயின் கையில் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆனால் இதைப் பேச வாயெடுத்தபோது சித்தப்பா, "பெற்றவரைக் கொல்லச் சட்டம் கேட்கிறாயா?" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் கருணைக் கொலையை அனுமதித்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். அது உண்மையானால் இந்தக் கேள்வியே எழ வேண்டியதில்லையே. தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.


தேவகோட்டை வழக்கறிஞர் எழுதியது:

முதலில் அந்தக் கடைசிக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் பாதிச் சண்டை அதனால்தான் வருகிறது. நோய் தன் போக்கில் போகட்டும் என்று சிகிச்சையை நிறுத்துவது ஒன்று. மருத்துவர் மருந்து எழுதிக் கொடுத்தோ, தாமே செலுத்தியோ மரணத்தை உண்டாக்குவது வேறொன்று. நம் நாட்டில் முதலாவது அனுமதிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது இன்றும் குற்றம்.

தன்னை மாய்த்துக்கொள்ள முயல்வதைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு செல்லாது என்று 1994இல் ஒரு தீர்ப்பு வந்தது. வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்று 1996இல் கியான் கவுர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 2011இல் அருணா ஷான்பாக் வழக்கு வந்தது. 1973இல் தாக்கப்பட்டு நினைவிழந்த அந்த மும்பைச் செவிலியருக்கு உணவு செலுத்துவதை நிறுத்த வேண்டும் என்று ஒரு பத்திரிகையாளர் மனுப் போட்டார். அவரைப் பல்லாண்டுகளாகக் கவனித்து வந்த சக செவிலியர்களோ கூடாது என்றார்கள். நீதிமன்றம் அந்த மனுவை ஏற்கவில்லை என்றாலும், உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கலாம் என்ற வாசலை அந்தத் தீர்ப்புதான் திறந்தது. அருணா 2015இல் நிமோனியாவால் இறந்தார். பிறகு, 2018 மார்ச் 9 அன்று, காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், கண்ணியத்துடன் இறப்பதும் வாழும் உரிமையின் பகுதியே என்றும், சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றும் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். லிவிங் வில் என்று பத்திரிகைகள் எழுதுவது இந்த ஆவணத்தைத்தான்.

மருத்துவர் உதவியுடன் இறப்பதை இந்தத் தீர்ப்புகள் எதுவும் அனுமதிக்கவில்லை. பழைய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தன்னை மாய்த்துக்கொள்ள முயன்றவரைப் பொதுவாகத் தண்டித்த அந்தப் பழைய பிரிவு இல்லை. ஆனால் அதற்கு உடந்தையாக இருப்பது 108ஆம் பிரிவின்கீழ் பத்தாண்டுவரை சிறைத்தண்டனைக்கு உரியது. பதினெட்டு வயது நிறைந்தவர் தாமே சம்மதித்தாலும், அவர் உயிரைப் போக்கியவருக்குக் குற்றம் கொலை என்ற நிலையிலிருந்து ஒரு படி இறங்குமே தவிர, இல்லாமல் போகாது. செய்தவனை விட்டுவிட்டு உதவியவனைப் பிடிப்பது முரண் என்று இளம் வழக்கறிஞர்கள் வாதிடுவதுண்டு. எனக்கு அதில் முரண் தெரியவில்லை. துன்பத்தில் இருப்பவரைத் தண்டிக்கக் கூடாது என்பதும், அவருடைய துன்பத்தைப் பிறர் தமக்குச் சாதகமாக்கிவிடக் கூடாது என்பதும் ஒரே அக்கறையிலிருந்து வருபவைதான்.

உங்கள் தந்தையார் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சுய அறிவோடு இருக்கும் ஒருவர் மூச்சுக் கருவியோ, வயிற்றில் துளையிட்டுப் பொருத்தும் உணவுக் குழாயோ வேண்டாம் என்று மறுத்தால் யாரும் அதைத் திணிக்க முடியாது. பின்னால் சொல்ல முடியாமல் போகும் நிலைக்காக எழுதியும் வைக்கலாம். 2018 விதிப்படி மாஜிஸ்திரேட் மேலொப்பம் வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளுடன் நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். ஒரு படி குடும்ப மருத்துவரிடம், இன்னொன்று உள்ளாட்சியில் அதற்கென்று குறிக்கப்பட்ட அலுவலரிடம் போக வேண்டும். தாளில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. என் கட்சிக்காரர் ஒருவருக்காக இப்பகுதி அலுவலகம் ஒன்றில் அந்தப் படியைக் கொடுக்கப் போனபோது, அங்கிருந்த எழுத்தர் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, "உயில் என்றால் ரிஜிஸ்தர் ஆபீஸுக்குப் போங்கள், சொத்து வரி ரசீது வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். தீர்ப்பு வந்து நடைமுறையாகும் தொலைவு அவ்வளவு. இதற்கென்று கர்நாடக அரசு 2025 ஜனவரியில் சுற்றறிக்கையே வெளியிட்டது.


ஓய்வுபெற்ற அரசு மருத்துவர் எழுதியது:

வழக்கறிஞர் சட்டத்தைச் சொல்லிவிட்டார். கேட்டவர் நியாயத்தைக் கேட்டிருக்கிறார். நான் இதற்கு எதிரானவன். என் காரணம் மதம் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஒருவர் "எனக்குப் போதும்" என்று சொல்லும்போது அதை யார் காதில் சொல்கிறார், எந்த வீட்டில் சொல்கிறார் என்பதைப் பார்க்காமல் அதைச் சுதந்திரமான முடிவு என்று என்னால் பதிவு செய்ய முடியாது. நம் வட்டாரத்தில் ஒரு வளவில், அதாவது பூர்வீகக் கூட்டு வீட்டில், பத்துப் பன்னிரண்டு புள்ளிக்கு (குடும்பத்துக்கு) பங்கு இருக்கும். பாதிப் பேர் சிங்கப்பூரில், சென்னையில், அமெரிக்காவில். ஓடு மாற்றக் காசு போட ஒருவரும் முன்வருவதில்லை. விற்கலாம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். "ஆச்சி இருக்கிறவரை வீட்டைத் தொட வேண்டாம்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சரி என்கிறார்கள். அந்த ஆச்சிக்குக் காது நன்றாகக் கேட்கும். தன் உயிர்தான் அந்த விற்பனைக்குத் தடை என்று தெரிந்துகொண்டு ஒருவர் கேட்கும் மரணத்துக்கு நான் கையெழுத்திட்டால், எதற்குச் சான்று கொடுக்கிறேன்? யாரும் அவரை வற்புறுத்தியிருக்க மாட்டார்கள். இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகக் கேட்டாலும், பதினைந்து நாள் காத்திருந்து மீண்டும் கேட்டாலும், அவர் அதே பதிலைத்தான் தெளிவாகச் சொல்வார். வெளிநாட்டுச் சட்டங்களில் உள்ள பாதுகாப்புகள் எல்லாம் வெளிப்படையான வற்புறுத்தலைக் கண்டுபிடிக்க ஏற்பட்டவை. நம் முதியவர்கள் தாமாக ஒதுங்கிக்கொள்வதை அவற்றால் பிடிக்க முடியாது.

அடுத்தது வலி. மருத்துவர் உதவியுடன் இறப்பதை அனுமதிக்கும் சட்டம் 1997 முதல் நடைமுறையில் உள்ள அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறார்கள். இறப்பதற்கு மருந்து கேட்டவர்கள் சொன்ன காரணங்களில் முதலில் நிற்பது தன்னாட்சி இழப்பு, விரும்பியதைச் செய்ய முடியாமை, கண்ணியக் குறைவு ஆகியவைதான். வலி மிகவும் பின்னால் வருகிறது. அங்கே வலிக்கு மருந்து கிடைக்கிறது, அதனால் அப்படி. இங்கே நிலைமை தலைகீழ். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் பயிராகிறது. அதிலிருந்து எடுக்கும் மார்ஃபின், புற்றுநோயாளிக்கு நம் ஊர்ப் பக்கம் எளிதாகக் கிடைப்பதில்லை. 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து கடைக்காரர்கள் வைப்பதை விட்டார்கள், மருத்துவர்கள் எழுதுவதை மறந்தார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகும் பழக்கம் திருந்தவில்லை. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் கேரளம் முழுவதும் பரவி, 2008இல் அரசுக் கொள்கையாகவே ஆனது. நம்மிடம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டுக்கு வருகிறது, அது நல்ல தொடக்கம். ஆனால் நள்ளிரவில் வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டால் இன்னும் பதில் இல்லை. மருந்து கொடுக்காமல் வைத்திருந்து, பிறகு சாகும் உரிமையைக் கொடுப்பதை நான் உரிமை என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் தந்தையாரைப் பற்றி ஒரு வேண்டுகோள். இந்த நோயில் மனச்சோர்வு வருவது உண்டு, அதற்குச் சிகிச்சையும் உண்டு. அவர் தெளிவாக எழுதுகிறார் என்பதாலேயே அது இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மனநல மருத்துவர் ஒருவர் அவரோடு தனியாக உட்காரட்டும். அதுவரை பேச வேண்டும் என்று தோன்றினால் டெலி மனாஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.


மெல்பர்ன் பள்ளத்தூராள் எழுதியது:

மருத்துவர் ஐயா மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் சொன்ன வாதத்தை அப்படியே எடுத்து, வழக்கறிஞர் விளக்கிய 2018 தீர்ப்பின் மீது வைத்துப் பாருங்கள். மூச்சுக் கருவி வேண்டாம் என்று அதே ஆச்சி சொன்னால், அதே வளவு, அதே பங்கு, அதே காது. அந்தச் சம்மதத்தை மட்டும் நம்பி அவரை விட்டுவிடலாம், இந்தச் சம்மதத்தை நம்பக் கூடாது என்றால் எப்படி? சம்மதம் நம்பத் தகாதது என்றால் இரண்டையும் தடை செய்ய வேண்டும். நம்பத் தகுந்தது என்றால், கருவியில் இருக்கும் நோயாளிக்குக் கிடைக்கும் விடுதலை, கருவி தேவைப்படாத நோயாளிக்கு ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும்.

நான் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 2017இல் நிறைவேறிய சட்டம் 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. இதைச் சும்மா கையில் கொடுத்துவிடுவதில்லை. சட்டம் தொடங்கியபோது வைத்த நிபந்தனைகள் இவை: மாநிலத்தில் ஓராண்டாவது வசித்த, முடிவெடுக்கும் திறன் உள்ள வயதுவந்தவராக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் மரணம் வரக்கூடிய நோயாக இருக்க வேண்டும், உங்கள் தந்தையாருக்கு வந்தது போன்ற நரம்புச் சிதைவு நோய் என்றால் பன்னிரண்டு மாதம். இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நோயாளி மூன்று முறை கேட்க வேண்டும், அதில் ஒன்று எழுத்தில், சாட்சிகளோடு. மருத்துவர் தாமாக இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று கூடச் சட்டம் வந்தபோது விதி வைத்தார்கள்.

என் வேலையிடத்துக்கு அடிக்கடி வந்துகொண்டிருந்த ஒரு முதியவர், மரவேலைக்காரர், இதே நோய்க்காரர், அனுமதி வாங்கி வைத்திருந்தார். அதை வாங்கிய பிறகுதான் மறுபடி பட்டறைக்குள் போய்ப் பேரனுக்கு ஒரு முக்காலி செய்தார். மூச்சுத் திணறி இறப்போமோ என்ற பயம் போய்விட்டதால் தூக்கம் வந்தது என்று அவர் மனைவி சொன்னார். கடைசியில் அந்த அனுமதியைப் பயன்படுத்தாமலேயே இறந்தார். ஓரிகானிலும் மருந்துச் சீட்டு வாங்குபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. சாவைக் கொடுக்கும் சட்டம் என்று எதிர்ப்பவர்கள், அது சிலருக்கு மீதி வாழ்நாளைத் திருப்பிக் கொடுக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்னொன்று, கசப்பானது. நம் தென்மாவட்டங்களில் படுத்துவிட்ட முதியவரைக் குடும்பத்தாரே சாகடிக்கும் தலைக்கூத்தல் என்று ஒரு வழக்கம் இருந்ததும், 2010 வாக்கில் விருதுநகர்ப் பக்கம் பத்திரிகைகளில் அது பெரிதாக வந்ததும் எல்லாருக்கும் தெரியும். சட்டம் இல்லாத ஊரில் முதியவர் சாகடிக்கப்படுவதில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? வெளிச்சத்தில் நடந்தால் கேள்வி கேட்கலாம். இருட்டில் நடந்தால் காரியத்துக்கு மாலைதான் வாங்கிப் போகலாம்.


புதுக்கோட்டைத் தமிழாசிரியர் எழுதியது:

நம் மரபு இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை ஒருவரும் தொடவில்லை. கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்டதும், கண்டிராத நண்பன் பிசிராந்தையார் உடன் வந்து அமர்ந்ததும் நாம் போற்றும் கதை. இங்கே பக்கத்தில் சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துச் சமணப் படுக்கைகளைப் பார்க்கலாம்; உண்ணா நோன்பிருந்து உயிர் துறப்பது அவர்களுக்குத் தவம். ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் சல்லேகனை எனப்படும் அந்த நோன்பைக் குற்றம் என்றபோது, அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. வினோபா பாவே 1982இல் உணவும் மருந்தும் மறுத்து இறந்தபோது நாடு அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. காந்தியடிகள் 1928இல் சபர்மதி ஆசிரமத்தில், தீராத வேதனையில் கிடந்த கன்றுக்குட்டியை மருத்துவரைக் கொண்டு ஊசி போடச் செய்து, அதற்காக வசவு வாங்கியதும் இங்கே நினைக்கத் தக்கது. ஆகவே இது மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்க முடியாது.

ஆயினும் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். வடக்கிருந்தவன் அரசன். அவனை வடக்கிருக்கச் சொல்லும் நிலையில் எவரும் இல்லை. மானத்துக்காக உயிர்விடும் அரசனை அளவாக வைத்துக்கொண்டு, மருமகளிடம் வெந்நீர் கேட்கத் தயங்கும் மாமியாருக்குச் சட்டம் எழுதுவது பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.


இரவுப்பணி எழுதியது:

நான் செவிலியர். மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு, இப்போது வீடுகளில் இரவு நேரத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறேன். கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும், முகப்பில் பூட்டுப் போட்டுவிட்டு இரண்டாங்கட்டில் ஒரே ஒரு முதியவர் மட்டும் இருக்கும் வீடுகள் எனக்குப் பழக்கம். மேலே எழுதியவர்கள் படித்தவர்கள். நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

"என்னை அனுப்பி வைத்துவிடு" என்று என்னிடம் கேட்காத நோயாளி குறைவு. ஆனால் அது எல்லா நேரத்திலும் வருவதில்லை. மலம் கழிந்து துணி மாற்றும்போது வரும். என் சம்பளத்தைப் பற்றி மகன் தொலைபேசியில் பேசியதைக் கேட்ட இரவில் வரும். பேத்தி வந்து போன மறுநாள் வராது. அன்றைக்கு வெற்றிலையை இடித்துக் கொடுக்கச் சொல்வார்கள். மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்த வீட்டிலும் அதை நிறுத்திவிடுகிறார்கள். பழக்கமாகிவிடும் என்ற பயம் ஒன்று. மலச்சிக்கல் வந்துவிடுகிறது என்பது இன்னொன்று. மாத்திரையோடு மலமிளக்கியும் சேர்த்துத் தினமும் கொடுக்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். வலி திரும்பி வரும், "அனுப்பி வை" என்பதும் கூடவே வரும். ஆகவே மருத்துவர் ஐயா சொல்வதில் பெரும்பகுதி உண்மை.

ஆனால் எல்லாம் சரியாகச் செய்தும் அடங்காத துன்பத்தையும் நான் பார்த்திருக்கிறேன். வாய்ப்புற்றுநோய் முகத்தை அரித்துவிட்ட ஒருவர், வாடைக்காகத் தன் பேரப்பிள்ளைகளைத் தாமே அறைக்குள் விட வேண்டாம் என்று சைகை காட்டியவர், எந்த மருந்திலும் நிம்மதி காணவில்லை. அவர் கேட்டதும் மற்றவர்கள் கேட்பதும் ஒன்றல்ல. இரவிலும் அதையே கேட்டார், விடிந்தும் அதையே கேட்டார், மகள் பக்கத்தில் இருந்தபோதும் கேட்டார். அவருக்கு என்ன பதில் என்பதை எதிர்ப்பவர்கள் சொல்ல வேண்டும்.

நம் பக்கம் நடக்கும் இன்னொன்றை யாரும் எழுதவில்லை. இங்கே மரணத்தைச் சீக்கிரம் வரவழைப்பதைவிட, வந்த மரணத்தை வாசலில் காக்க வைப்பதுதான் அதிகம். சிங்கப்பூரிலிருந்து மகன் திருச்சியில் இறங்கும்வரை கருவியைக் கழற்ற வேண்டாம் என்பார்கள். பயணச்சீட்டு இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது என்றால் அந்த இரண்டு நாளும் கருவி ஓடும். அவர் வந்து இறங்கியதும், "வீட்டுக்குக் கொண்டு போகிறோம்" என்று கையெழுத்துப் போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றுவார்கள். மதுரையிலிருந்து வீடுவரை மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டே வந்திருக்கிறேன். கூடத்தில் பாயில் கிடத்தி, எல்லாரும் வாயில் பால் ஊற்றிய பிறகு, "எடுத்துவிடு" என்று யாரோ சொல்வார்கள். குழாயை எடுப்பது யார்? மருத்துவர் இல்லை, இரண்டு மருத்துவக் குழு இல்லை, நோட்டரி இல்லை. திணறலுக்கு ஒரு ஊசிகூட இருக்காது. அதற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். பத்தாண்டு சிறையா?


தேவகோட்டை வழக்கறிஞர் எழுதியது:

அம்மா, உங்கள் கேள்வி நியாயமானது. நேரடியாகச் சொல்கிறேன். தீர்ப்பில் சொன்ன வழியில் நடந்திருந்தால் அது சட்டப்படியான செயல். சிகிச்சை தரும் மருத்துவரும் துறை வல்லுநர் இருவரும் சேர்ந்த முதற்குழு, மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் இடம்பெறும் இரண்டாம் குழு, இரண்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2023இல் சேர்த்தார்கள். அந்த வழியில் நடக்காதபோது எல்லாரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். இதுவரை உங்களைப் போன்றவர்கள் மீது நடவடிக்கை எடுத்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் பங்குத் தகராறு உள்ள ஒரு குடும்பத்தில் ஒருவர் புகார் கொடுத்தால் முதலில் நிற்கப் போவது நீங்கள்தான். அடுத்த முறை மருத்துவமனையிலேயே குழுவைக் கூட்டச் சொல்லுங்கள். அது முடியாது என்றால் ஆம்புலன்ஸில் ஏறாதீர்கள்.


கோட்டையூர்க்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா சொன்னபடி மனநல மருத்துவரைப் பார்க்க அப்பச்சி ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆவணத்தை வரும் வாரம் நோட்டரியிடம் கொண்டு போகிறோம். உணவுக் குழாய் வேண்டாம், மூச்சுக் கருவி வேண்டாம், வலிக்கும் திணறலுக்கும் எந்த மருந்தானாலும் சரி என்று அவரே வரைவு எழுதிவிட்டார். ஆனால் ஒரு விஷயம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எங்கள் வீட்டில் பங்குத் தகராறு இல்லை, நான் ஒரே மகன், பணமும் தட்டுப்பாடில்லை. பிறருடைய வீட்டில் நடக்கக்கூடிய தவறுக்காக என் அப்பச்சி மறுக்கப்படுவது சரிதானா? மெல்பர்ன் அம்மா கேட்ட கேள்விக்கும் மருத்துவர் ஐயா பதில் சொல்லவில்லை.


ஓய்வுபெற்ற அரசு மருத்துவர் எழுதியது:

சொல்கிறேன். கருவியை விலக்குவதற்கும் மருந்து கொடுப்பதற்கும் சம்மதம் ஒன்றுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேறுபாடு சம்மதத்தில் இல்லை, தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதில் இருக்கிறது. அமெரிக்காவில் கரன் ஆன் குவின்லன் என்ற பெண்ணுக்கு 1976இல் நீதிமன்ற அனுமதியோடு மூச்சுக் கருவியை எடுத்தார்கள். உடனே இறந்துவிடுவார் என்று நினைத்தார்கள், அவர் தாமாக மூச்சுவிட்டு 1985 வரை இருந்தார். நினைவு திரும்பவில்லை என்பது வேறு. நாம் எடுத்த கணிப்பு தவறானால் அதைக் காட்டிக் கொடுக்க நோய்க்கு அங்கே ஓர் இடம் இருக்கிறது. மருந்து கொடுத்துவிட்டால் அந்த இடம் இல்லை. ஆறு மாதம் என்று நான் சொன்ன நோயாளிகள் காரைக்குடிக் கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டு எதிரே வந்திருக்கிறார்கள், பலர் இல்லை, சிலர்.

தலைக்கூத்தல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதைச் செய்பவர்கள் முதியவரைக் கேட்டுச் செய்வதில்லை. கேட்டுச் செய்ய ஒரு சட்டம் கொண்டு வந்தால் அவர்கள் மருத்துவரிடம் வந்து வரிசையில் நிற்கப் போவதில்லை. ஆகவே அது வெளிச்சத்துக்கு வரும் என்ற வாதம் எனக்குப் பொருந்தவில்லை. எல்லை நகரும் என்பதும் வெறும் பயம் இல்லை. கனடாவில் 2016இல் மரணம் நெருங்கியவர்களுக்கென்று வந்த சட்டம், 2021இல் மரணம் நெருங்காதவர்களுக்கும் விரிந்தது. மாற்றுத் திறனாளிகளின் அமைப்புகள் பல அதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002இலேயே மரணம் நெருங்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல்தான் தொடங்கின என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஓரிகான் இத்தனை ஆண்டுகளில் ஆறு மாத வரம்பைத் தாண்டவில்லை என்பதும் உண்மை.

இனி உங்கள் கேள்வி. பிறர் வீட்டுத் தவறுக்காக உங்கள் அப்பச்சி மறுக்கப்படுகிறாரா என்றால், ஆம், மறுக்கப்படுகிறார். அதை மழுப்ப விரும்பவில்லை. செவிலியர் அம்மா சொன்ன வாய்ப்புற்றுநோய்க்காரரும் அப்படித்தான். அவருக்கு, வேறு எதுவும் பலிக்காத கடைசி நாள்களில், நினைவைக் குறைத்து உறக்கத்தில் வைக்கும் சிகிச்சை இருக்கிறது, அதில் உயிரைப் போக்கும் நோக்கம் இல்லை, மருத்துவ நெறியும் அதை ஏற்கிறது. நம் பக்கம் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. உங்கள் தந்தையாருக்கு மூச்சுத் திணறல் வரும் காலத்தில் குறைந்த அளவு மார்ஃபின் பெரிதும் உதவும். இப்போதே அதற்கு ஒரு மருத்துவரைப் பிடித்து வையுங்கள். ஆனால் நாளைத் தாமே குறிக்க வேண்டும் என்று அவர் கேட்பதற்கு இவை எதுவும் பதில் அல்ல என்பது எனக்குத் தெரியும்.

நாளை நாடாளுமன்றம் இப்படி ஒரு சட்டம் கொண்டு வந்தால் மூன்று கேட்பேன். வலி தணிப்புச் சிகிச்சை அந்த நோயாளிக்கு உண்மையிலேயே கிடைத்தது என்று பதிவு இருக்க வேண்டும். கையெழுத்திடும் மருத்துவர் அந்த மாவட்டத்துக்காரராகவோ, அந்தக் குடும்பத்துக் கல்யாணத்தில் சாப்பிட்டவராகவோ இருக்கக் கூடாது. சொத்துப் பெறப் போகிறவர் யாரும் அந்த அறையில் இருக்கக் கூடாது. இவ்வளவும் இருந்தாலும் நான் கையெழுத்திட மாட்டேன்.


மெல்பர்ன் பள்ளத்தூராள் எழுதியது:

விளக்கமாக எழுதியதற்கு நன்றி, ஐயா. ஒரே ஒரு கேள்வி. காரைக்குடியில் உங்களைப் போன்றவர்கள் எல்லாரும் மாட்டேன் என்றால், சட்டம் இருந்தும் இல்லாத கதைதானே? நோயாளியை வேறொரு மருத்துவரிடம் அனுப்பி வைப்பீர்களா?


ஓய்வுபெற்ற அரசு மருத்துவர் எழுதியது:

நோய்க் குறிப்பு முழுவதையும் எழுதி, நோயாளியின் கையிலேயே கொடுப்பேன், உறவினர் கையில் கொடுக்க மாட்டேன். எங்கே போகலாம் என்று அவர் கேட்டால் சொல்வேன். அதுவும் உடந்தைதான் என்று என் சக மருத்துவர்கள் சிலர் சொல்வார்கள். அவர்களோடு நான் சண்டை போட மாட்டேன்.